இடது கை மேதை

பெற்றோர்களுக்குக் குழந்தை வளர்ப்பு வகுப்பு எடுக்கும் அன்பழகன், எல்.கே.ஜி. சீட்டுக்காக மகள் நிறைமதியோடு பெரம்பலூர்ப் பள்ளி ஒன்றில் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா லெஃப்ட் ஹேண்டர், மிஸ். மேதைங்க லட்சணம்! யாராவது கையை மாத்தினா நான் சும்மா இருக்க மாட்டேன்."

ஆசிரியை ஷாலினி மேரி கிரேயானை நீட்டினார். இடது கையால் வாங்கிய நிறைமதி, கோணல்மாணலாக ஒரு வட்டம் போட்டாள். நழுவிய தாளை ஆசிரியைதான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"எப்ப சார் கண்டுபிடிச்சீங்க?"

"போன வாரம் அரியலூர்ல, இதே மாதிரி இன்டர்வியூல. பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். அவங்களுக்கு மேதையைப் புரியல, சீட்டு இல்லைன்னுட்டாங்க."

"வீட்டுல எழுத வச்சுப் பாத்தீங்களா?"

"எங்க நேரம்? பிள்ளைங்களைச் சுதந்திரமா விடுங்கன்னு ஊர் ஊரா போயி பேசிட்டிருக்கேன்."

ஷாலினி மேரி குனிந்தார். "பாப்பா, வூட்டுல எந்தக் கையில எழுதுவே?"

நிறைமதி வலது தோளை ஆட்டிக் காட்டினாள். "இந்தக் கையில. ஸ்கூலுக்கு வந்தா அப்பா இதை வுடவே மாட்டேங்கிறாரு, மிஸ்."

மேஜைக்கு அடியில், அன்பழகனின் பிடிக்குள் அந்தக் கை வியர்த்துக் கிடந்தது.

"பாப்பாவுக்குச் சீட்டு உண்டு சார். நீங்க கையை விட்டா போதும்."