ஐந்தாவது விரல்

"கண்ணு முக்கியமா, கோழி முக்கியமாப்பா? முதல்ல அதைச் சொல்லுங்க!"

"நான் எங்கேம்மா கோழின்னு சொன்னேன்? அவசரப்படாதேன்னுதானே..."

"அவசரமா? ஒரு வருஷம் ஆச்சு! புரை முத்திப்போச்சு, இதுக்கு மேல தள்ளினா ஆபரேஷனே கஷ்டம்னு டாக்டர் தலையில அடிச்சுக்கறார்..."

"டாக்டர்னா அப்படித்தான் சொல்வார்..."

"ஊதுங்க, அம்மாவுக்கு நல்லா ஒத்து ஊதுங்க! முதல் தடவை கேட்டப்போ கோழி அடையில இருக்கு. அடுத்த தடவை மழைக்காலம், அதுக்கு ஈரம் ஆகாது. மூணாவது தடவை இறகு உதிருது, கூட இருக்கணும். அடுத்து என்ன, கோழிக்குப் பரீட்சையா?"

அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை பின்வாசல் படியில் நடந்தது. சண்டைக்குக் காரணமான அம்மாவோ, கொய்யா மரத்தடியில் நாற்காலியைப் போட்டு, மடியில் வெள்ளைக் கோழியோடு, யார் வீட்டுச் சண்டையோ என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். காலடியில் மற்ற நாலு கோழிகளும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

மடியில் இருந்தது சில்க்கி என்ற சீமைஜாதிக் கோழி. பஞ்சை உதறிக் குவித்து, இரண்டு கால் வைத்து விட்டாற்போல் இருக்கும். உச்சிமுடி கண்ணை மறைக்கும். சாண் உயரச் சுவரைக்கூடத் தாண்டத் தெரியாது. மற்றக் கோழிகளுக்குக் காலுக்கு நாலு விரல் என்றால், இதற்கு மட்டும் ஐந்து.

"எனக்கு இது மேகமாத்தான் தெரியுது," என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "மேகம் தானா வந்து மடியில உட்காருது. அதை இறக்கி விட்டுட்டு எவளாவது ஆஸ்பத்திரிக்குப் போவாளா?"

"அம்மா!" மகள் காலைத் தரையில் உதைத்தாள்.

அப்பா சிரித்துவைத்தார்.

அவள் மடியில் இருப்பது அவள் ஆசையாய் வளர்த்த பஞ்சு என்ற கோழி இல்லை.

பஞ்சு போய் ஒரு வருஷம் ஆகிறது. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கூட்டைத் திறந்து விட்டவர் நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டார். சடசடவென்று மழை. மற்றவையெல்லாம் ஓடிப் பதுங்கிக்கொண்டன. முடி மறைத்த கண்ணோடு பஞ்சு மட்டும் வழி தெரியாமல் மரத்தடியிலேயே நின்றது. அந்த இறகில் தண்ணீர் வழியாது, ஊறும். எடுத்தபோது ஈரத்துணியாய்க் கனத்தது. தன் ஸ்டுடியோவில் இருந்த ஹேர் டிரையரைக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் காட்டினார். உடம்பெல்லாம் உலர்ந்து பழையபடி பொங்கி நின்றது, உயிர் மட்டும் இல்லை.

நாற்பது வருஷம் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். மணப்பெண் முகத்துப் பருவையும் மாப்பிள்ளை தலையின் வழுக்கையும் யாருக்கும் தெரியாமல் அழித்த கை. ஒன்பது பண்ணை ஏறி இறங்கினார். அதே வெள்ளை, அதே அளவு, அலகில் அதே கருநீலம். கொண்டுவந்து, உச்சிமுடியைக்கூடப் பஞ்சுவுக்கு இருந்த மாதிரியே சாய்வாகக் கத்தரித்தார். பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் அவர் பார்த்தது போட்டோவை. முப்பத்தைந்து வருஷமாக அவர் கைவேலையைக் கூட இருந்து பார்த்தவள் கண் திறந்து பார்த்தால் ஒரு நொடி போதும். கோழி போனதுகூடப் பரவாயில்லை. கண் தெரியாதவளை ஏமாற்றினேன் என்று ஆகிவிடுமே.

"சரி, வியாழக்கிழமை ஆபரேஷன் வெச்சுக்கலாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடு," என்றாள் மனைவி திடீரென்று.

மகள் வாயைப் பிளந்தாள். "நிஜமாவா?"

"நிஜமாத்தான். எத்தனை நாள் மேகத்தையே பார்த்துட்டிருக்கறது? மேகத்துக்கும் அலுத்துப்போகும்."

மனம் மாறிவிடப்போகிறாள் என்று பயந்தவள்போல் மகள் கிளம்பி ஓடினாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. உதிர்ந்த வெள்ளை இறகு ஒன்று வெயிலில் மிதந்து, இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் அவருக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது.

அவர் கணக்குப் போட்டார். புதன்கிழமையே கோழியை யாரிடமாவது கொடுத்துவிட்டு, பறந்துபோயிடுச்சு என்று சொல்லலாமா? அதுதான் பறக்காதே, சனியன். சுவரேறிக் குதித்தது என்றால் பக்கத்து வீட்டுக் கோழிகூடச் சிரிக்கும்.

மனைவி வழக்கம்போல் கோழியின் காலைப் பிடித்து விரல்களை எண்ணினாள். தினமும் சாயங்காலம் இது ஒரு விளையாட்டு அவளுக்கு. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." ஐந்தாவது விரலில் எப்போதும்போல் கொஞ்சம் நின்றாள்.

"இந்தாம்மா, உன்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தார். "ஒண்ணுமில்ல. காபி போடட்டுமான்னு..."

"அடை, மழை, இறகுன்னு நானும் மூணு தடவை தள்ளிப்போட்டுப் பார்த்துட்டேங்க," என்றாள் அவள், விரலை விடாமல். "நீங்களா சொல்லுவீங்க, அப்புறம் கண்ணைத் திறந்துக்கலாம்னு. இனிமே டாக்டர் விட மாட்டார்."

காபி போடக் கிளம்பியவர் திரும்பினார்.

"பஞ்சுவுக்கு அஞ்சாவது விரல்ல நகமே கிடையாதுங்க. இது வந்த முதல் நாளே என் உள்ளங்கையில குத்திச்சு. பாவம், ஒரு வருஷமா இதுவும் இன்னொருத்தி பேருக்குத் திரும்பிப் பார்க்குது. வியாழக்கிழமைக்குள்ள இதுக்குன்னு ஒரு பேர் யோசிச்சு வைங்க."