ரசலையனுக்கு இரண்டு நிமிடம்

"ரசலையன் வீரனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பட்டாளத்துல கழுத மேய்ச்சவன்!"

நேசையன் இப்படிச் சொன்னதும் கிறிஸ்தவ சபையின் உபதேசியார் ராஜையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெண்டாட்டியின் முதல் புருஷன்மேல் ஒருவனுக்குப் பொறாமை இருக்கலாம்தான். அதற்காக, பஸ்ரா யுத்தத்தில் செத்துப் பத்து வருடமான மனிதனை, அவனுக்கு நினைவுக்கல் திறக்கிற அன்றைக்கா இப்படி வைவது?

1927 நவம்பர் பதினொன்று. மகாயுத்தம் முடிந்த நாள். காலை பதினோரு மணிக்கு எல்லாரும் இரண்டு நிமிடம் வாய்மூடி நின்று, அதில் மாண்ட போர்வீரர்களை நினைக்க வேண்டும்.

அருமனைப் பக்கத்து அந்தச் சின்னச் சபைக்கு இருந்த ஒரே வீரன் ரசலையன். விழா மரியாதையாக நடந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுத் தருவதாகப் புதிதாக வந்த மிஷன் துரை வாக்குக் கொடுத்திருந்தார். மழை பெய்தால் பிள்ளைகள் ஓலைக்குடை பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லுகிற பள்ளிக்கூடம் அது. மூன்று மாதம் முன்பு இரணியலிலிருந்து வந்து சேர்ந்த உபதேசியாருக்கு அந்த ஓட்டின் மேல்தான் உயிர்.

"பத்துத் துருக்கியர வெட்டிச் சாய்ச்சாருன்னு பிரசங்கத்துல எழுதியிருக்கேன் ஓய். நீரு கெடுத்துராதேயும்."

"பத்துப் பேரா? ஒருத்தன் மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல!"

"நீரு கூட நின்னு பாத்தீராக்கும்?"

நேசையன் வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி செல்லபாய் குறுக்கே வந்தாள். "இஞ்ச பாரும், பிள்ளையளுக்கு ஓடு வரணுமா வேண்டாமா? இன்னைக்கு ஒரு நாளு வாயப் பொத்திக்கிட்டு நில்லும்."

உபதேசியார் அவள் பக்கம் திரும்பினார். "அவரப் பத்திக் கடைசியா என்னம்மா சேதி வந்துது? பிரசங்கத்துல சேக்கணும்."

"செத்துட்டாருன்னு பட்டாளத்துலேருந்து கடுதாசி வந்துது. சபைப் பதிவேட்டுலயும் ஏத்தியாச்சு. சர்க்காரும் சபையும் சொன்ன பெறவு நான் என்னத்தச் சொல்ல?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பாவம், அழுகிறாள் என்று உபதேசியாருக்கு மனசு இளகிப்போயிற்று.

பதிவேட்டை அவரும் புரட்டியிருந்தார். 1917இல் ரசலையன் மரணம். 1919இல் நேசையன் என்கிற வளர்ந்த ஆளுக்கு ஞானஸ்நானம். அன்றைக்கே விதவை செல்லபாயோடு கல்யாணம். எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவனுக்கு ஒரு வீரனின் அருமை எங்கே தெரியப்போகிறது?

"கல்லுல பேரு எப்படி வெட்டியிருக்குன்னு ஒருக்கா பாக்கட்டா?" என்றான் நேசையன்.

"துரை துணிய எடுக்குதது வரைக்கும் ஒருத்தரும் தொடப்பிடாது!"

மணி பதினொன்று அடித்தது. துரை துணியை இழுத்தார். மயிலாடியில் செதுக்கி வந்த கல், வெயிலில் பளபளத்தது. துரை தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். சபை மூச்சுக் காட்டாமல் நின்றது.

ஒரு நிமிடம் நல்லபடியாகப் போயிற்று. பெண்கள் பக்கம் மட்டும் யாரோ களுக்கென்று சிரிப்பை விழுங்கினார்கள். உபதேசியார் முறைத்தார். ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சமாவது ஈவிரக்கம் வேண்டாமா?

அப்போதுதான் நேசையன் விறுவிறுவென்று கல்லை நோக்கி நடந்தான். எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினான். தடவிக்கொண்டே வந்தவன் திடீரென்று, "ஐயோ, எனக்கு இதாவது ஒழுங்கா அமையப்பிடாதா?" என்று மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

துரை கண்ணைத் திறந்துவிட்டார். ஓடு போச்சு என்று உபதேசியாருக்கு வேர்த்து வழிந்தது. பாய்ந்து போய் அவன் தோளைப் பிடித்துக் காதோடு கெஞ்சினார்.

"செத்தவன்மேல என்ன ஓய் இவ்வளவு பொறாம? இன்னும் ஒரு நிமிசந்தான், பொறுத்துக்கிடும்!"

"பொறாமையும் இல்ல, ஒண்ணும் இல்ல உபதேசியாரே... எனக்க பேரத் தப்பா வெட்டி வச்சிருக்கான்!"