தூக்கத்தில் சிரித்தவள்

“தூக்கத்துல சிரிச்சதுக்கு அறை வாங்கினவ உலகத்துலேயே நான் ஒருத்திதான்டி!” என்று, பள்ளிக்காலப் பட்டப்பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த பட்டாணி சொன்னதும், தேநீர்க் கோப்பைகளோடு அவளைச் சூழ்ந்து நின்ற பழைய வகுப்புத் தோழியர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

லீடர் மட்டும் சிரிக்கவில்லை. தேநீரில் படிந்திருந்த ஆடையைக் கரண்டியால் ஓர் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

நீதிமன்றத்தில் அவள் மூத்த வழக்கறிஞர். அவள் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு காகிதங்களைப் புரட்டத் தொடங்கிவிடும். ஆனால் பள்ளிக்கூடத்தின் இந்தக் கூடத்துக்குள் காலடி வைத்த நிமிடத்திலிருந்து, எல்லோருக்கும் அவள் வெறும் வகுப்பு லீடர்தான்.

“என் வீட்டுக்காரர் முப்பது வருஷமா கண்ணு முழிச்சுப் பாக்குறாராம். தூக்கத்துல நான் ஒரு தடவைகூடச் சிரிக்கலையாம். அவரைக் கட்டிக்கிட்ட பிறகு எங்க சிரிக்கிறது!”

மறுபடியும் சிரிப்பு.

அது எட்டாம் வகுப்பில் நடந்தது. ஆசிரியை வெளியே போனால், எல்லோரும் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். லீடர் மட்டும் கரும்பலகைக்கு அருகில் வகுப்பைப் பார்த்து நின்று, காவல் காக்க வேண்டும். அன்று அந்த நிசப்தத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. விறுவிறுவென்று திரும்பி வந்த ஆசிரியை, கண் திறந்திருந்த ஒரே ஒருத்தியிடம், சிரித்தது யார் என்று கேட்டார்.

லீடர் இரண்டாம் வரிசையை நோக்கி விரலை நீட்டினாள்.

அறை விழுந்த பிறகுதான் பட்டாணிக்கு விழிப்பே வந்தது. அதன்பின் அவளுக்கு ஒரு காது கேட்கவே இல்லை.

“அதனால என்ன? இப்ப நான் கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு கத்துக்க வர்றதுங்க அலறுற அலறலுக்கு ஒரு காதே அதிகம்.”

யார் பேசினாலும் பட்டாணி உடம்போடு அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதனால் கேளாத காது எது என்று வேறு யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

“காட்டிக்குடுத்த புண்ணியவதி அங்க நிக்கிறா பாரு!” என்று ஒருத்தி லீடரைச் சீண்டினாள்.

பட்டாணி உடனே குறுக்கே புகுந்தாள்.

“அவளை எதுக்குடி இழுக்குற? கண்ணால பாத்ததைச் சொன்னா. பொய் சொல்லத் தெரிஞ்ச மூஞ்சியா அது?”

லீடர் கோப்பையைக் குடிக்காமலே மேசைமேல் வைத்தாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் இத்தனை தூரம் வந்திருந்தாள். காரணம் முதலில், மன்னிப்பு கடைசியில் என்று, வழியெல்லாம் அந்த வாக்கியங்களைத் திருத்தித் திருத்தி ஒழுங்குபடுத்தியிருந்தாள். வந்து பார்த்தால், பட்டாணியின் அருகில் போகவே கால் எழவில்லை. மாலை வரை கூடத்தின் மறுகோடியிலேயே நின்று தீர்த்தாள்.

சொல்லியாக வேண்டும், ஆனால் அது அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது.

புகைப்படக்காரர் நாற்காலிகளை வரிசையாகப் போட்டபோது அதற்கு வழி பிறந்தது. அந்த அறை விழுந்த காட்சியை லீடர் ஒருநாளும் மறந்ததில்லை. வலப்பக்கம்; கேளாத காதும் அதுதான். கரும்பலகையடியில் நின்று தன் இரு கண்ணாலும் பார்த்தது. ஆகவே முன்வரிசையில் பட்டாணியின் வலப்பக்க நாற்காலி காலியாக இருப்பதைக் கண்டதும், வேறொருத்தி வருவதற்குள் போய் அமர்ந்துவிட்டாள்.

“எல்லாரும் கேமராவைப் பாருங்கம்மா. யாரும் அசையக் கூடாது.”

பின்வரிசையில் இடநெருக்கடிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. லீடர் முகத்தைத் திருப்பாமல், உதடு பிரிந்தும் பிரியாமலும் சொன்னாள்.

“அன்னைக்குச் சிரிச்சது நீ இல்லடி. நீ குறட்டை விட்ட, பூனைக்குட்டி மாதிரி. அதைக் கேட்டுச் சிரிச்சது நான். என்னை மன்னிச்சுடு.”

கேமரா மின்னியது.

நெஞ்சிலிருந்து எதுவோ இறங்கிப் போனதுபோல் இருந்தது. பெரிய வழக்குகளில் வென்றபோதுகூட வராத மூச்சு, இப்போது அடிவயிற்றிலிருந்து நிதானமாக வந்தது. சொல்லியாயிற்று.

“யாரோ கண்ணை மூடிட்டீங்க. இன்னொண்ணு எடுத்துடலாம்” என்றார் புகைப்படக்காரர்.

பட்டாணி கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்துக்காக வைத்திருந்த சிரிப்பும் கலையவில்லை.

“இது கேக்குற காதுடி” என்றாள்.

லீடருக்குக் காதுமடல் வரை சுட்டது. எதிரில் நின்று பார்த்தவளுக்கு வலம். வாங்கியவளுக்கு அது இடம். இத்தனை ஆண்டுகள் அதை எண்ணி எண்ணி மருகியவளுக்கு, ஒருமுறைகூட அந்த இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

பட்டாணி எழுந்தாள்.

“அம்மா, எந்திரிக்காதீங்க, வரிசை கெட்டுடும்!” என்று புகைப்படக்காரர் கத்தியதை அவள் பொருட்படுத்தவில்லை. லீடரின் முழங்கால்களை ஒட்டிக் கடந்துபோய், மறுபக்கத்தில் இருந்தவளைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அந்த நாற்காலியில் அமர்ந்துகொண்டாள். இப்போது அவளுடைய இடக்காது லீடரின் தோளருகே இருந்தது.

புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, முகத்தைக் கேமராவுக்கு நேராக வைத்தாள்.

“இப்பச் சொல்லு” என்றாள். “உனக்குத் தோதான காது இதுதான்.”