பதினோரு நிமிடம்

வகுப்பு முடிந்ததற்கான மணி அலறியது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள், அந்த நாற்பத்தாறு வயது மாணவியைத் தவிர. தரையில் கிடந்த பயிற்சி பொம்மையின் நெஞ்சை ஏழு நிமிடமாக இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

தையல் கம்பெனியை மூடியதில் வேலை போய், செவிலியர் உதவியாளர் படிப்பில் சேர்ந்தவள். இன்று முதலுதவித் தேர்வு.

"அக்கா, விட்டுடுங்க. பொம்மை எழுந்து உட்கார்ந்துடப் போகுது," என்றாள் பக்கத்துப் பெண். வகுப்பே சிரித்தது.

"தேர்வு ரெண்டு நிமிஷம்தாம்மா. நீங்க எப்பவோ பாஸ்," என்றார் ஆசிரியை.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு டீச்சர்."

வியர்வை பொம்மையின் மேல் சொட்டியது. கை மட்டும் நிற்கவில்லை. ஆசிரியை குனிந்து அவள் தோளைத் தொட்டார்.

"வேலை கிடைக்க இது போதும். எதுக்கும்மா இப்படி உடம்பை வருத்திக்கிறீங்க?"

"கம்பெனியை மூடுறோம்னு ஒட்டின நோட்டீஸைப் படிச்சதும் என் வீட்டுக்காரர் வாசல் கேட் பக்கத்துலயே சாய்ஞ்சுட்டார் டீச்சர். ஆம்புலன்ஸ் வரப் பதினோரு நிமிஷம் ஆச்சு. அதுவரைக்கும் நான் அவர் முகத்துல தண்ணிதான் தெளிச்சுக்கிட்டு இருந்தேன்."