எட்டிப் பார்த்த விரல்

"கட்டைவிரலை உள்ளே மடக்கி, கையை மூடும்மா," என்றார் டாக்டர்.

வாலிபால் அணிக்குத் தேர்வாகி, உடல்தகுதிச் சான்றிதழுக்காக வந்திருந்த மகள் மூடினாள். கட்டைவிரல் நுனி சுண்டுவிரலைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

"விரல் இவ்வளவு நீளமா இருக்கிறது ஒரு பரம்பரை வியாதியோட அறிகுறியா இருக்கலாம். இதயத்தையும் பாதிக்கும். அப்பா, அம்மாவையும் பார்த்துடணும்."

"எங்களுக்கு எதுக்கு டாக்டர்?" அம்மா அவசரமாக எழுந்தாள். அப்பா கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

மகள் கதவை மறித்து நின்றாள். "மாடி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்குதேப்பா! கையைக் காட்டுங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று விம்மினாள்.

இனி நழுவ வழியில்லை. சொல்ல வேண்டாமென்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள்.

அப்பா மகளின் கண்ணீரைத் துடைத்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு. இது எங்ககிட்டேருந்து வந்திருக்காது. நீ எங்ககிட்ட வந்தப்பவே தவழ்ந்துட்டிருந்தே."