மலர்விழியின் கீரைப் பாத்தி

“டீச்சர், மலருக்குப் பேய் புடிச்சிருக்கு லா! கீரைகிட்ட பேசுறா!”

குரு மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னான். வசுந்தரா டீச்சர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளித் தோட்டத்தை எட்டிப் பார்த்தார்.

கடைசிப் பாத்தியின் ஓரத்தில் மலர்விழி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தண்டுக்கீரை இலைகளுக்குள் முகத்தைப் புதைத்து ஏதோ முணுமுணுத்தாள். பிறகு தலையைச் சாய்த்து, பதிலுக்குக் காது கொடுப்பவள் போல அசையாமல் இருந்தாள். காற்றே இல்லை. இலைகள் மட்டும் லேசாக ஆடின.

“பேயாவது ஒண்ணாவது! சயின்ஸ் படிக்கிற புள்ள பேசுற பேச்சாடா இது?” என்று குருவை அதட்டினார் டீச்சர். அதட்டிவிட்டாரே தவிர, அவர் கையிலும் மயிர் சிலிர்த்துத்தான் இருந்தது.

பாவம், தாயில்லாப் பிள்ளை. தீபாவளிக்குச் சற்று முன்புதான் அம்மா தவறிப்போனாள். அன்றிலிருந்து வகுப்பில் வாயே திறப்பதில்லை. பேச்செல்லாம் இந்தப் பாத்தியோடுதான். இன்றோடு அதற்கும் முடிவு. துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் அப்பா சுகுமாறன், பிள்ளையைத் தனியாக வைத்துச் சமாளிக்க முடியாமல், வேறு ஊரில், சாலாக் செலாத்தானில் இருக்கும் அத்தை வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறார். பள்ளியையும் மாற்றியாகிவிட்டது.

கீரை வளர்த்தது நான்காம் ஆண்டு அறிவியல் பாடத்துக்காக. “கடை உரம் வேணாம். வீட்டுல வேணாம்னு தூக்கிப் போடுறதக் கொண்டு வாங்க. எதுவும் வீணாப் போறதில்ல. மண்ணுல சேர்ந்தா செடியில திரும்பி வந்துடும்” என்று டீச்சர் சொல்லியிருந்தார். குரு முட்டை ஓடு கொண்டுவந்தான். இன்னொருத்தி தேயிலைச் சக்கை. மலர் சின்ன பிஸ்கட் டின்னில் சாம்பல் கொண்டுவந்தாள்.

“ஏய், உங்க வீட்டுல இன்னும் விறகு அடுப்பா? பண்டமாரான் டவுன்லதான இருக்கீங்க, காட்டுலயா?” என்று குரு கேட்கவும் வகுப்பே சிரித்தது. மலர் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

இப்போது மற்றவர்களுடைய பாத்திகள் சோர்ந்து கிடக்க, அவளுடையது மட்டும் கருகருவென்று முழங்கால் உயரம் நின்றது. “கடை உரத்த போட்டு ஏமாத்திட்டா டீச்சர்” என்றான் குரு. டீச்சருக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம்தான்.

“நெசத்த சொல்லும்மா. கடையில வாங்குனியா?”

“இல்ல டீச்சர். எங்க வீட்டுதுதான்.”

அதற்குமேல் கேட்க டீச்சருக்கு மனம் வரவில்லை. அன்று அறுவடை நாள். மலர் யாரையும் தொடவிடாமல் தன் கீரையைத் தானே அறுத்து, மடியில் ஏந்திக் கொண்டுபோய், சிற்றுண்டிச்சாலை மார்க்கிரட் ஆன்டியிடம் கொடுத்தாள்.

சோறு தயாரானபோது சுகுமாறன் வந்து சேர்ந்தார். சவரம் செய்யாத முகம், தூக்கமில்லாத கண்கள்.

“உக்காருங்கண்ணே. உங்க மக வளர்த்த கீரை. ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்றார் டீச்சர்.

முதல் வாயிலேயே அவர் கை நின்றுவிட்டது. “ஆன்டி, இதுல என்ன போட்டீங்க?”

“பூண்டும் உப்பும்தான் லா. ஏன், நல்லா இல்லையா?”

“எம் பொண்டாட்டி கடையிற மாதிரியே இருக்கு, ஆன்டி.”

அவர் தட்டை அருகே இழுத்துக்கொண்டார். பசித்த பிள்ளை போல அள்ளி அள்ளித் தின்றார். தட்டை விரலால் வழித்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

மலர் தன் தட்டைத் தொடவே இல்லை. அப்பா விழுங்குகிற ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து டீச்சருக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை.

“போலாமா மலரு? அத்த காத்துக்கிட்டு இருக்காங்க.”

“நான் வரலப்பா.”

“அடம் பிடிக்காதம்மா. அப்பா நைட் ஷிப்ட்டுக்குப் போயிட்டா உன்னை யாரு பாத்துக்குவா?”

“அம்மா பாத்துக்குவாங்க.”

சுகுமாறன் எழுந்து வந்து மகள் முன்னால் மண்டியிட்டு, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“சரி, அத்த வீட்டப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல அப்பாகூட காசிக்கு வா. அம்மாவோட அஸ்தியில பாதிய கடல்ல கரைச்சப்ப, மீதிய காசிக்குன்னு எடுத்து வச்சேன்ல? வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு பின்னால ரம்புத்தான் மரத்துல பானையில கட்டியிருக்கேனே? அது அம்மாவோட கடைசி ஆசைம்மா. லீவு கெடைச்சிருச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. நீயே உன் கையால கங்கையில விடு. அம்மா நிம்மதியாப் போய்ச் சேரட்டும்.”

மலர் அப்பாவின் தாடியில் ஒட்டியிருந்த கீரையை விரலால் மெல்லத் துடைத்துவிட்டாள்.

“பானையில இப்ப மண்ணுதான்பா இருக்கு.”