தலைவலி விடுப்பு

மாதம் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியில் சோதனைக்காக எல்லோருடைய முதுகுத்தண்டிலிருந்தும் நீர் எடுக்கிறார்கள். முன்பெல்லாம் மறுநாள் தலைவலி வரும். படுத்தால் போய்விடும், எழுந்தால் மண்டையைப் பிளக்கும். அதனால் துணைக்கு வீட்டாள் ஒருவருக்கு இரண்டு நாள் விடுப்பு உண்டு. நடுக்கடல் எண்ணெய் மேடையில் வேலை செய்யும் சூசை அந்த விடுப்பில்தான் தூத்துக்குடிக்கு, மனைவி பிலோமினாவிடம் வருவான். பிறகு தலைவலி வராமலிருக்க ஊசிக்கு முன்னால் மாத்திரை தர ஆரம்பித்தார்கள். விடுப்பு விதி அப்படியே இருந்தது, வலிதான் இல்லை. அவன் வந்து ஏழு மாதமாகிறது.

இந்த முறை பிலோமினா மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி, கைக்குட்டையில் துப்பிவிட்டாள். மறுநாள் காலை சூசையைப் போனில் அழைத்தாள்.

"தலை வலிக்குங்க."

"எந்திரிச்சாலா?"

"உசுரு போவுது. படுத்தா ஒண்ணுமில்ல."

"அப்ப அதேதான்." அவன் குரலில் சிரிப்பு இருந்தது. "மாத்திரை போட்டியாட்டி?"

"போட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"கள்ளி. மத்தியானப் படகுல வாரேன். தலையத் தூக்காம கெட."

சாயங்காலம் வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிலோமினா எழுந்து உட்கார்ந்தாள். வலியில் கண் இருட்டியது. சூசை செருப்பைக் கழற்றி, பையை இறக்கி, நிமிர்ந்து அவளைப் பார்க்கும்வரை அவள் படுக்கவில்லை.